வீட்டுத் தொட்டியில் நட்சத்திர மீன்

முத்தாண்டிக்குப்பத்தைச் சுற்றி முந்திரித் தோப்பும் பலா மரமும் செம்மண் மேடும்தான். ஒரு பக்கம் பண்ருட்டி, இன்னொரு பக்கம் நெய்வேலி நகரியம். கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூர்ப் பக்கம் பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களிலும் இன்று கடல்நீர்த் தொட்டி ஆசை வந்துவிட்டது. கப்பி, மோலி, ஃபைட்டர் என்று நன்னீர் மீன் வளர்த்துக் கைபழகியவர்கள் அடுத்ததாகக் கோமாளி மீனுக்குப் போகிறார்கள். அதற்கும் அடுத்து, தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்ல ஏறும் ஒரு நட்சத்திர மீனைக் கேட்கிறார்கள். வாங்கி வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: இதற்கு என்ன தீனி போடுவது?

இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் பாதி நட்சத்திர மீன்கள் கடலிலேயே இருந்திருக்கும். தொட்டிக்கு வரும் நட்சத்திர மீன்களில் பலவற்றுக்கு நம் கையால் தீனி கொடுக்கவே முடியாது. அவை பட்டினி கிடக்கும். பட்டினியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஊரும், நிறம்கூட மங்காது. ஒரு தங்கமீனைப் பட்டினி போட்டால் அதன் வயிறு ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும். நட்சத்திர மீன் தன் உடம்பையே கரைத்து உயிர் பிழைப்பதால், ஆறாம் மாதம்வரை எல்லாம் சரியாகத்தான் இருப்பதாகத் தோன்றும். பிறகு ஒரு வாரத்தில் கரங்கள் தொய்ந்து, தோல் பிரிந்து, செத்துப்போகும். அது சாவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தையே நாம் வளர்ப்பு என்று எண்ணியிருப்போம். நட்சத்திர மீன் வளர்ப்பு பற்றி இதுவரை தெரிந்தவற்றை அடுக்கிப் பார்த்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த உண்மைதான்.

அது எப்படிச் சாப்பிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நட்சத்திர மீன் மீனே இல்லை. கடல் அட்டை, கடல் முள்ளெலி ஆகியவற்றோடு சேர்ந்த முட்தோலி இனம் அது. வாய் உடம்பின் அடிப்பக்கம், நட்டநடுவில் இருக்கிறது. ஒவ்வொரு கரத்தின் அடியிலும் ஒரு பள்ளம், அதில் வரிசையாக நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள். இந்தக் கால்களை இயக்குவது தண்ணீரின் அழுத்தம். முதுகில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளித் தெரியும் சிறு பொத்தான் போன்ற சல்லடைத் தட்டு அந்த நீர்க்குழல் மண்டலத்தின் வாசல். கரத்தின் நுனியில் ஒரு செம்புள்ளி தெரிந்தால் அது கண். மங்கலாகத்தான் பார்க்கும் என்றாலும் பார்க்கவே செய்கிறது. நீல லிங்கியா நட்சத்திர மீனைப் பாறையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அது கண்ணால் வழி பிடித்துத் திரும்பி வந்துவிடும் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2023-ல் நேச்சர் இதழில் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் வியப்பானது. மற்ற விலங்குகளில் தலையை உருவாக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் உடம்பு முழுவதும் இயங்குகின்றன. நடு உடம்பை உருவாக்கும் மரபணுக்களோ தோலில் காணவே இல்லை. ஆகக் கடலடியில் ஊர்வது ஏறக்குறைய முழுக்க ஒரு தலை, அடியில் வாய் வைத்த தலை.

அந்த வாயால் அது கடித்துத் தின்பதில்லை. பல இனங்கள் தங்கள் இரைப்பையையே வாய் வழியாக வெளியே தள்ளி இரையின் மேல் போர்த்துகின்றன. மட்டியைப் பிடித்தால் குழாய்க்கால்களால் இரண்டு ஓடுகளையும் இழுத்துப் பிடித்து, மயிரிழை அளவுக்கு இடைவெளி கிடைத்ததும் இரைப்பையை உள்ளே நுழைத்துவிடும். மட்டி தன் ஓட்டுக்குள்ளேயே செரித்துப்போகும். இந்த வித்தையால்தான் முத்துச் சிப்பிப் பார்களில் நட்சத்திர மீன் விரோதியாகக் கருதப்பட்டது. 1902-ல் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்தார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை ஏற்றார். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் சிப்பிகள் ஏன் ஓர் ஆண்டு கொழித்து மறு ஆண்டு காணாமல் போகின்றன என்ற அந்தத் தலைமுறையின் விசாரணையில், சிப்பி தின்னும் மீன்களோடும் சங்குகளோடும் நட்சத்திர மீனும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

எல்லா நட்சத்திர மீனும் மட்டி தின்பதில்லை என்பதில்தான் தொட்டி வைப்பவரின் விஷயம் இருக்கிறது. நம் கடலில் கிடைப்பவற்றையும் கடைக்கு வருபவற்றையும் தீனியை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், கொடுத்தால் வாங்கித் தின்பவை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் புரோட்டோரியாஸ்டர் லிங்கி என்ற கொம்பு நட்சத்திரம் இந்த வகை. சாம்பல் வெளுப்பு உடம்பில் சிவப்புக் கோடுகள், முதுகில் சிவந்த கொம்புகள், முழு வளர்ச்சியில் ஓர் அடி அகலம். ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சங்குக் கடைகளில் காய்ந்து தொங்குபவற்றில் இதுவும் உண்டு. இதன் உறவினமான சாக்லேட் சிப் நட்சத்திர மீன் தென்கிழக்காசியக் கடல்களிலிருந்து உலகச் சந்தைக்கு வருகிறது. இந்த இரண்டும் இறால் துண்டு, கணவாய், மட்டிச் சதை எது வைத்தாலும் மேலே ஏறி உட்கார்ந்து தின்னும். ஆனால் மென்பவளம், கடற்பஞ்சு, தொட்டியில் நகராமல் இருக்கும் எந்த உயிரையும் விட்டுவைக்காது. இவற்றோடு மீன் வைக்கலாம், பவளத் தோட்டம் வைக்க முடியாது.

அடுத்து, படலம் மேய்பவை. நீல லிங்கியா இதில் பேர்போனது. கடை வெளிச்சத்தில் அந்த நீலத்தைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். அது தின்பது பாறை மேல் படியும் பாக்டீரியா, பாசி, நுண்ணுயிர்ப் படலம். எவ்வளவு பரப்பு மேய்ந்தால் அதற்குப் போதும் என்பதை யாரும் சரியாகக் கணக்கிட்டதில்லை. வீட்டுத் தொட்டியில் அந்தப் பரப்பு இல்லை என்பது மட்டும் அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. இறால் வைத்தால் பெரும்பாலும் சீண்டாது. உலகமெங்கும் இதை வளர்த்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: பெரும்பாலானவை சில மாதங்களில் சாகின்றன, ஓராண்டு தாண்டுபவை குறைவு. பல ஆண்டு பழகிய, நூற்றுக்கணக்கான லிட்டர் கொண்ட, பாறை நிறைந்த தொட்டியில் சில பிழைக்கின்றன. முத்தாண்டிக்குப்பத்தில் இரண்டடி மூன்றடித் தொட்டி வைப்பவர் இதை வாங்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மூன்றாவது, மணல் சலிப்பவை. ஆஸ்ட்ரோபெக்டன் என்ற இனம் கடலூர்க் கரைக்கு அந்நியமானதல்ல. விசைப்படகு இழுவலையில் சிக்கி, கழிவு மீன் குவியலோடு துறைமுகத்தில் கொட்டப்படுவதில் இவையும் கிடக்கும். கரங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற முள்வரிசை இருக்கும். இது இரைப்பையை வெளியே தள்ளாது. மணலுக்குள் புதைந்து, சிறு நத்தை, புழு, மட்டிக் குஞ்சு என்று அகப்பட்டதை அப்படியே விழுங்கும். தொட்டி மணலைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். உண்மையில் அது மணலில் உள்ள நல்ல உயிர்களைத் தின்று தீர்த்துவிட்டு, தீர்ந்த பிறகு மணலுக்குள்ளேயே பட்டினியால் செத்துக் கிடக்கும். புதைந்து கிடப்பதால் செத்ததுகூடத் தெரியாது, தண்ணீர் நாறும்போதுதான் தெரியும்.

இவற்றுக்கு வெளியே பாம்பு நட்சத்திரம் என்று அழைக்கப்படும் மெலிந்த நீள்கர உயிர்கள் இருக்கின்றன. நட்சத்திர மீனின் நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு வகுப்பு. பாறை இடுக்கில் ஒளிந்திருந்து, மீன் சிந்திய தீனியை இரவில் வந்து பொறுக்கும். நகரும் நட்சத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பவருக்கு இவைதான் பாதுகாப்பான தேர்வு. பச்சை நிறத்தில் வரும் பெரிய இனம் ஒன்று மட்டும் விதிவிலக்கு. தூங்கும் மீனை வளைத்துப் பிடித்துத் தின்னும் பழக்கம் அதற்கு உண்டு.

ஆக, தீனி போடுவது எப்படி என்ற பேச்சு முதல் வகைக்கும் கடைசி வகைக்கும்தான் பொருந்தும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. இறால், கணவாய், மட்டி என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். மார்க்கெட்டில் வாங்கியதை நன்றாகக் கழுவி, ஃப்ரீசரில் சில நாள் உறையவைத்துப் பிறகு கரைத்துக் கொடுப்பது நல்லது. வெளியிலிருந்து வரும் ஒட்டுண்ணிகளில் பல அதில் அழியும். கருவாடு வேண்டாம். சமைத்தது, மசாலா தொட்டது, கோழி, ஆடு எதுவும் வேண்டாம். துண்டைக் கரத்தின் அடியில், வாய்ப் பக்கமாக நீண்ட இடுக்கியால் செருகினால் குழாய்க்கால்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுபோகும். நட்சத்திர மீனைப் பிடுங்கித் திருப்பி வைத்துத் தீனி கொடுப்பது கொடுமை. இழுத்தால் குழாய்க்கால்கள் பிய்ந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் மீன்கள் தீனியைத் திருடினால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையை நட்சத்திர மீன் மேல் கவிழ்த்துவைத்து, தின்று முடித்ததும் எடுத்துவிடலாம். மிச்சம் கிடந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். தின்றுகொண்டிருக்கும்போது அது முதுகைக் கூனிக்கொண்டு ஒரே இடத்தில் பல மணி நேரம் அசையாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோய் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்போது விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி.

தீனிக்கு அடுத்தது தண்ணீர். கவனமாகத் தீனி கொடுத்தும் இழப்பவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

மீனுக்குச் சிறுநீரகமும் செவுளும் இருக்கின்றன; உடம்பின் உப்பு அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்த வசதி இல்லை. அதன் உடம்புக்குள் ஓடுவது ஏறக்குறைய கடல்நீரேதான். வெளியே உப்புக் குறைந்தால் உள்ளேயும் குறையும், செல்கள் உப்பி வெடிக்கும். அதனால்தான் கடையிலிருந்து கொண்டுவந்த பையைத் தொட்டியில் கவிழ்த்தால் அடுத்த நாள் கரங்கள் வெள்ளையாகப் பிசுபிசுத்துச் சிதைகின்றன. பைத் தண்ணீரோடு அதை ஒரு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து ஏர் டியூப் ஒன்றை முடிச்சுப் போட்டு இறக்கி, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இரண்டு முதல் நான்கு மணி நேரம்வரை கலக்கவிட வேண்டும். அவசரப்படுகிறவர் இந்த உயிரை வாங்கக் கூடாது. மாற்றும்போது தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல், ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு ஏந்தி மாற்றுவது வழக்கம்.

உப்பின் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். ஒப்படர்த்திக் கணக்கில் 1.024 முதல் 1.026 வரை. இதை நாக்கால் அறிய முடியாது, மிதக்கும் கண்ணாடிக் கருவியும் அவ்வளவு நம்பகமில்லை. ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று அவசியம். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ உப்பு வேண்டும் என்றதும் இங்கே எல்லோரும் கேட்பது: மரக்காணம் கல்லுப்பு போதாதா? போதாது. உப்பளத்தில் கடல்நீரைக் காய்ச்சும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதல் பாத்திகளிலேயே படிந்துவிடுகின்றன. கடைசிப் பாத்தியில் சோடியம் குளோரைடு மணிமணியாக விளைந்ததும், மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். சமையலுக்கு அது நல்ல உப்பு. கடலோ அதில் இல்லாதவற்றாலும் ஆனது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் இருக்கின்றன. நட்சத்திர மீனின் தோலுக்கடியில் இருக்கும் எலும்புத் தகடுகள் மக்னீசியம் கலந்த சுண்ணாம்பால் ஆனவை. கல்லுப்புத் தண்ணீரில் விட்டால் அவற்றைக் கட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்புதான் வழி.

கடல் பக்கத்தில்தானே, தண்ணீரையே கொண்டுவந்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. செலவில்லாத வழி என்பதால் பலர் செய்கிறார்கள். எங்கே, எப்போது எடுப்பது என்பதைப் பொறுத்தது அது. கடலூர் முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆற்று முகத்துவாரத் தண்ணீரை நட்சத்திர மீனுக்குக் கொண்டுவருவது தெரிந்தே விஷம் வைப்பதாகும். ஐப்பசி, கார்த்திகையில் பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளாறும் பெருக்கெடுத்துக் கடலில் விழும்போது கரையோரத் தண்ணீரின் உப்பு நன்றாகக் குறைந்துவிடும். வங்கக் கடலின் மேல்நீர் சாதாரண நாளிலேயே அரபிக் கடலைவிட உப்புக் குறைந்தது. ஆகவே கடல்நீர்தான் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில், ஆற்று வாயிலிருந்து தள்ளி, கரை விட்டுப் படகில் போய் எடுத்ததாக இருக்க வேண்டும். எடுத்ததையும் வடிகட்டி, இருட்டில் சில நாள் வைத்து, உப்பு அளந்து பிறகே ஊற்ற வேண்டும்.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். அந்த நல்ல தண்ணீர் எது? இந்தப் பக்கத்து போர்த் தண்ணீரை நேராக ஊற்ற நான் ஒப்பமாட்டேன். நெய்வேலிச் சுரங்கம் நீரில் மூழ்காமலிருக்கப் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழுள்ள ஊற்று நீரை இரவும் பகலும் இறைக்கும் பூமி இது, சுற்றிலும் உரமிட்ட தோப்புகள். தண்ணீரில் எந்த உலோகம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று சோதிக்காமல் தெரியாது. ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்வதே சரி.

உலோகத்தில் செம்புதான் பெரிய எதிரி. மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் கொடுக்கும் மருந்துகளில் பல செம்பு கலந்தவை. அந்த அளவு மீனைக் காப்பாற்றும், நட்சத்திர மீனைக் கொல்லும். நம் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. தோப்புக்குப் போர்டோ கலவை அடிக்க மயில்துத்தம் கரைத்த வாளியைக் கழுவிவிட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் எடுப்பது. எவ்வளவு கழுவினாலும் அந்த வாளி ஆகாது. முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடித்த கையோடும் தொட்டிக்குள் கை விடக் கூடாது. அறையில் கொசு மருந்து அடித்தால் காற்று மோட்டார் அந்தக் காற்றையும் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை.

புதுத் தொட்டியில் நட்சத்திர மீன் விடக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனுக்கே அந்தப் பொறுமை வேண்டும். நட்சத்திர மீனுக்கு ஆறு மாதமாவது பழகிய தொட்டி வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் பொதுவான கருத்து. அது தோல் வழியாகவும் குழாய்க்கால் வழியாகவும் மூச்சு விடுகிற உயிர். தண்ணீரில் என்ன இருந்தாலும் அது அதன் உடம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

வெப்பத்தைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன: 24 முதல் 27 டிகிரி. அங்கே ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் நாற்பதைத் தொடும் நம் ஊரில் ஓட்டு வீட்டுத் தொட்டி பிற்பகலில் 32 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான நீரில் பிராணவாயு குறைவு, ஆனால் உயிரின் தேவை கூடுகிறது. மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கூடவே ஆவியாவதும் கூடும், உப்பு ஏறும், ஆகவே காலையும் மாலையும் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். குளிர்விப்பான் வைத்தால் சிக்கல் தீரும், மின்கட்டணம் ஏறும். செலவைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தென்னாட்டுக்கு மின்சாரம் அனுப்பும் நெய்வேலியின் பக்கத்திலேயே கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் குடிக்கிற தண்ணீருக்கே மக்கள் அலைந்தார்கள். பம்பு நின்ற கடல்நீர்த் தொட்டி தாங்குவது சில மணி நேரம். பாறையிலுள்ள பாக்டீரியா செத்தால் அம்மோனியா எகிறி எல்லாம் போகும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றாவது வீட்டில் தயாராக இல்லாதவர் இந்தக் கரையோர மாவட்டத்தில் கடல் உயிரை வளர்க்கப் பொறுப்பேற்கக் கூடாது.

நோய் தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. நலமான நட்சத்திர மீன் தானாக மல்லாந்து கிடந்தாலும் சில நிமிடங்களில் கரத்தை மடித்து நிமிர்ந்துவிடும். நிமிராமல் கிடந்தால், கண்ணாடியில் பிடிப்பு இல்லாமல் விழுந்தால், கரம் முறுக்கிக்கொண்டால், தோலில் வெள்ளைப் புண் தெரிந்தால் ஆபத்து. ஒரு கரம் மட்டும் அறுந்திருந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் நன்றாக இருந்தால் வளர்ந்துவிடும். லிங்கியா இனங்களில் அறுந்த கரமே புது உயிராக வளர்வதும் உண்டு. புண் பரவுவதற்கு மருந்து இல்லை. தனித் தொட்டிக்கு மாற்றி, தண்ணீரைச் சரிசெய்து காத்திருக்கலாம், அவ்வளவுதான். செத்தால் உடனே எடுக்க வேண்டும். அதன் உடம்பில் சப்போனின் என்னும் நஞ்சு இருக்கிறது. அழுகினால் மற்ற உயிர்களையும் கொண்டுபோகும்.

இப்படிப்பட்ட நோய் எவ்வளவு பெரியதாகலாம் என்பதை வட அமெரிக்காவின் மேற்குக் கரை காட்டியது. 2013-ல் தொடங்கி அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை இருபதுக்கும் மேற்பட்ட இனங்களின் நட்சத்திர மீன்கள் கரம் கழன்று, கூழாகிச் செத்தன. கோடிக்கணக்கில் என்று சொல்வதும் குறைவுதான். காரணம் தேடிப் பத்தாண்டுக்கு மேல் அலைந்த பிறகு, 2025 ஆகஸ்டில் விப்ரியோ பெக்டெனிசிடா என்னும் பாக்டீரியாவை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். வெதுவெதுப்பான நீரில் பெருகும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நம் தொட்டி நட்சத்திரத்தைக் கொல்வதும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபதுக் கரத்துச் சூரியகாந்தி நட்சத்திரம் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அழிந்த பின், வாஷிங்டன் மாநிலத்தின் ஃபிரைடே ஹார்பர் ஆய்வகத்தில் அதை முட்டையிலிருந்து வளர்க்க எடுத்த முயற்சி தொட்டி வைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகளை வாரக்கணக்கில் பாசி ஊட்டி வளர்க்க வேண்டும். குட்டி நட்சத்திரங்களானதும் ஒன்றையொன்று தின்னும். முழுநேர விஞ்ஞானிகள் செய்யும் வேலை அது. கோமாளி மீனைப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் பொரிக்கவைத்துவிட்டார்கள். வாங்குபவர் பொரிப்பக மீனா என்று கேட்டு வாங்க முடியும். கடையில் இருக்கும் நட்சத்திர மீனுக்கு அப்படிக் கேட்க வழியில்லை. அது கடலிலிருந்து எடுத்ததுதான்.

எங்கிருந்து எடுத்தது என்று கேட்கத் தயங்கக் கூடாது. ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரையான 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளிருந்து ஒரு சிப்பி ஓட்டை எடுப்பதும் குற்றம். 2001-ல் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. வெளிநாட்டுக் காணொளிகளில் உயிர்ப்பாறை வாங்கச் சொல்கிறார்கள். நம் கடலிலிருந்து பெயர்த்த பவளப் பாறை அது என்றால் வைத்திருப்பதே சட்ட மீறல். செயற்கைப் பீங்கான் பாறையில் பாக்டீரியா குடியேறச் சில மாதம் கூடுதலாகும், அவ்வளவே. நட்சத்திர மீன் சட்டத்தின் கண்ணில் கடல் அட்டை அளவுக்குப் பட்டதில்லை. அதனால் அதைக் கணக்கின்றி எடுத்தால் கடலுக்கு ஒன்றும் ஆகாது என்றாகிவிடாது. 1963-ல் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் அமெரிக்கக் கடற்கரை ஒன்றில் ஒரு பாறைத் திட்டிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து பிடுங்கி எறிந்தார். கேட்பாரில்லாத மட்டிகள் பாறையை நெருக்கிப் பரவ, அங்கிருந்த 15 இனங்கள் எட்டாகக் குறைந்தன. ஒரு வாழிடத்தையே தாங்கி நிற்கும் இனம் என்ற கருத்து உலகுக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. முத்துச் சிப்பிப் பாரில் குற்றவாளியாக நின்ற அதே குணம் இங்கே காவலாக நிற்கிறது.

கடல் உயிரைக் கரையில் வைத்துக் காட்டுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் 1909-ல் மெரினாவில் கடல் உயிர்க் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும்வரை மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கடல் எதிரிலேயே இருந்தது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அதே அருங்காட்சியகம் 1927-ல் குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றித் தனிநூலே வெளியிட்டது. நட்சத்திர மீனை இனம் பிரித்துப் பார்க்கும் அறிவு நமக்கு அன்றே இருந்தது. நீலமா, கொம்பா, சீப்பு முள்ளா என்று பார்த்தாலே அதற்குத் தீனி கொடுக்க முடியுமா முடியாதா என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். கடைக்காரரும் வாங்குபவரும் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டால் போதும்.

முத்தாண்டிக்குப்பத்தில் ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். 300 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் பாம்பு நட்சத்திரம் தவிர எதுவும் வேண்டாம். அதற்கு மேல் தொட்டியும், ஆறு மாதப் பழக்கமும், வெயிலுக்கு வழியும், மின்தடைக்குப் பேட்டரியும் இருந்தால் கொம்பு நட்சத்திரம் ஒன்று, ஒன்றே ஒன்று, பவளம் இல்லாத தொட்டியில். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அகலத்தைக் குறித்துவைக்க வேண்டும். சுருங்கினால் அது பட்டினி. தீனியைக் கூட்ட வேண்டும், அல்லது தீனி அதன் வாய்க்குப் போகிறதா, மீன் தின்கிறதா என்று இரவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீல லிங்கியாவும் மணல் நட்சத்திரமும் எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்காமல் விட்டால் கடைக்காரர் அடுத்த முறை எடுத்துவரமாட்டார்.

வளர்க்க முடியாமல் போனால் கடலூர்க் கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அது எந்தக் கடலில் பிறந்தது என்று வாங்கியவருக்குத் தெரியாது. தொட்டியில் மற்ற நாட்டு உயிர்களோடு இருந்து எந்தக் கிருமியைச் சுமக்கிறது என்றும் தெரியாது. பழகிய தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம், அதன் தீனிப் பழக்கத்தை எழுதிக் கொடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாற்றி ஒப்படைப்பதுதான் முறை.